பெயர் இட்டவர் யார்?

தேசப்படத்தில் உள்ள தீவுப் பெயர்கள் பல, அங்கு வாழ்ந்தோர் இட்டவையல்ல. கப்பலில் வந்தோர் இட்டவை. 1493 நவம்பர் 3ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, கொலம்பஸ் கரிபியன் கடலில் ஒரு தீவைக் கண்டார். ஞாயிறு என்ற பொருளில் அதற்கு 'டொமினிக்கா' எனப் பெயரிட்டார். அங்கு வாழ்ந்த கலினாகோ மக்களுக்கோ அது 'வைத்துக்குபுலி'. 'அவள் உடல் நெடியது' என்பது பொருள். மலைகள் உயர்ந்த தம் மண்ணை அறிந்தவர்கள் இட்ட பெயர் அது. 1722இல் உயிர்ப்பு ஞாயிறன்று ஒல்லாந்தரான ரொகவீன் கண்ட தீவும் 'ஈஸ்டர் தீவு' ஆயிற்று. வந்தவர்கள் நாட்காட்டியைப் பார்த்தே பெயரிட்டார்கள்.

எமக்கும் இது புதிதல்ல. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நெடுந்தீவுக்குத் தம் நாட்டு நகரான டெல்ப்றின் பெயரைச் சூட்டினர். ஆங்கிலப் படங்களில் அப்பெயர் இன்றும் உண்டு. ஆயினும் நெடுந்தீவு என்ற பெயர் அழியவில்லை. மக்கள் அதைச் சொல்லி வந்ததே காரணம்.

இடம்பெயர்ந்து வாழும் அன்பர்களே, ஊர்ப் பெயரோடு உங்கள் வயல், குளம், ஒழுங்கை ஆகியவற்றின் பெயர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், எழுதியும் வையுங்கள். யாழ்ப்பாணத்து உறுதிகளில் காணிகளைப் பெயர் சொல்லியே குறிப்பது வழக்கம். உறுதியைத் தொலைத்தவருக்கும் அந்தப் பெயர் ஒரு பிடி. நாம் சொல்லாது விட்டால், நாளை வேறொருவர் பெயரிடுவார்.