ஐம்பது போர்டுக்கு ஒரு வழி

ஈஎஸ்பி32 மாட்யூல், அல்ட்ராசோனிக் சென்சார், சின்ன ஓஎல்ஈடி திரை, குளூ கன்னில் ஒட்டிய ஜம்பர் வயர்கள். தொட்டியின் நீர்மட்டம் காட்டும் இந்தக் கருவி மாதக்கணக்கில் பிசகாமல் ஓடுகிறது. விற்கலாமே என்று அக்கம்பக்கத்தார் சொல்வதிலும் தவறில்லை. சிக்கல் அடுத்த ஐம்பதில்தான்.

சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தடத்தின் மின்னணு ஆலைகள் லட்சக்கணக்கில் செய்யவே அமைந்தவை. நோக்கியா 2006-இல் உற்பத்தி தொடங்கி, 2014-இல் மூடிய வளாகத்துக்கே பிறகு சால்காம்ப் நிறுவனம் சார்ஜர் செய்ய வந்தது. அப்படிப்பட்ட லைனில் ஐம்பது போர்டுக்காக ஸ்டென்சிலையும் ஃபீடரையும் புரோகிராமையும் மாற்றுவது கட்டுப்படியாகாது.

ஆனால் குறை ஆலைகளிடம் மட்டும் இல்லை. சென்னை ரிச்சி தெருவில் துண்டாக வெட்டி வாங்கிய டேப்பை ஃபீடரில் ஏற்ற முடியாது. முன்பக்கம் வெற்று டேப் வேண்டும். ஃபிடுஷியல் புள்ளி இல்லாத போர்டில் மெஷினின் கேமரா எதைப் பார்த்துப் பாகத்தை வைக்கும்? பாகப் பட்டியலில் '10கே' என்று மட்டும் இருந்தால் கொள்முதல் பிரிவு என்ன வாங்கும்? தயாரிப்பாளரின் பாக எண்ணும், அது கிடைக்காவிட்டால் போட வேண்டிய மாற்று எண்ணும் தேவை. 2021 சிப் தட்டுப்பாடு கற்றுத்தந்த பாடம் இது.

எல்லாவற்றையும்விட அதிகம் விடுபடுவது டெஸ்ட் ஜிக். வடிவமைத்தவர் லேப்டாப்பைத் திறந்து, சீரியல் மானிட்டரைப் பார்த்து, 'சரியாக இருக்கிறது' என்கிறார். லைனில் நிற்கும் பணியாளருக்கு அது உதவாது. போர்டை போகோ பின்கள் மேல் வைத்து அழுத்தினால் ஃபர்ம்வேர் ஏற வேண்டும், சென்சார் பதில் சொல்ல வேண்டும், பச்சை அல்லது சிவப்பு விளக்கு எரிய வேண்டும். டெஸ்ட் பாயின்ட்களை லேஅவுட்டிலேயே வைத்தால்தான் இது நடக்கும்.

சான்றிதழ் வேலையையும் குறைக்கலாம். அடாப்டரை நீங்களே வடிவமைக்காமல் பிஐஎஸ் பதிவு பெற்றதை வாங்குங்கள். 230 வோல்ட் உங்கள் பெட்டிக்குள் வரவே வேண்டாம். பெட்டிக்கு மோல்டு வெட்டும் முன்பே ஈஎம்சி (மின்காந்த இணக்க) சோதனை செய்துவிடுங்கள். அதற்குத் தரமணியில் சமீர் ஆய்வகம் இருக்கிறது. வாகனக் கருவி என்றால் ஒரகடத்திலேயே ஜிஏஆர்சி சோதனை மையம்.

காலமும் பிடிக்கும். சென்னை ஐஐடி முன்னாள் மாணவர்கள் 2013-இல் தொடங்கிய மின் ஸ்கூட்டர் நிறுவனமான ஏத்தர், 2016-இல் காட்டிய ஸ்கூட்டரை 2018-இல்தான் விற்றது.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தடத்தில் உள்ள நடுத்தர அசெம்ப்ளி நிறுவனங்களிடம் ஒன்று கேட்கிறோம்: மாதம் ஒரு ஷிஃப்டைச் சிறு லாட்டுகளுக்கு ஒதுக்குங்கள், அதற்கான கட்டணத்தையும் ஃபைல் விதிகளையும் வெளிப்படையாக அறிவியுங்கள்.