சமையல் மேடைக்கு மார்பிள் எதற்கு?

இங்கே எமரால்டில் என் பழைய மாணவர் ஒருவர் கடன் வாங்கி வீடு கட்டி, சமையல் மேடைக்குப் பளபளவென்று வெள்ளை மார்பிள் பதித்தார். குடிவந்து மூன்றே மாதம். புளிக்கரைசல் சிந்திய இடமெல்லாம் மங்கிவிட்டது. பழி யார் மேல்? சமைக்கிற மனைவி மேல்! "துடைக்கத் தெரியவில்லை சார்" என்கிறார்.

தம்பி, மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல் மேல் அமிலம் விட்டு நுரை காட்டினேனே, மறந்துவிட்டதா? புளி, எலுமிச்சை, தக்காளி, தயிர் எல்லாமே அமிலம்தான். பட்ட இடத்தில் கல்லையே அரிக்கும். அதை எந்தத் துணி துடைக்கும்?

"சீலர் அடித்தால் போதும்" என்பார் கடைக்காரர். அது மஞ்சள் கறை இறங்குவதைத் தாமதப்படுத்தும், அரிப்பைத் தடுக்காது. பளபளப்பில்லாத மங்கல் பாலிஷில் தழும்பு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் அரிப்பு அரிப்புதான். மோஸ் கடினத்தன்மை அளவில் மார்பிள் 3, கிரானைட் 6 முதல் 7 வரை. மக்ரானா மார்பிள் தாஜ்மகாலுக்கு அழகு. அங்கே யாரும் ரசம் வைப்பதில்லை!

நம் பாட்டிமார் அம்மியும் ஆட்டுக்கல்லும் கருங்கல்லில்தான் வைத்திருந்தார்கள். கிருஷ்ணகிரி கிரானைட் கப்பலேறி வெளிநாடு போகிறது. நமக்கு மட்டும் அது இளக்காரமா? மார்பிள் ஆசையா, பூஜை அறையில் போடுங்கள்.

நம்பாதவர்கள் கடையில் ஒரு துண்டுக்கல் வாங்கி, எலுமிச்சைச் சாறு விட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் கல்லே பதில் சொல்லும். அதைவிட முக்கியம், அடுப்படியில் தினமும் நிற்பவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கல் வாங்குங்கள்.