துடைக்காமல் விற்காதீர்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் கழித்துவிடும் லேப்டாப்புகள் மொத்தமாக விலை பேசப்பட்டுப் பழைய கணினிக் கடைகளுக்குப் போகின்றன. உள்ளே இருப்பதை அழிக்காமலே போகின்றன. இதைக் கவனக்குறைவு என்று சொல்லித் தப்ப முடியாது. இது அப்பட்டமான பொறுப்பின்மை.

பணியாளர் பிரிவின் லேப்டாப் என்றால், டெய்லர் முதல் பேக்கிங் ஆள் வரை ஒவ்வொருவரின் ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்கள், புகைப்படம். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருக்கும் பெண்களின் ஊர் முகவரி. மெர்ச்சண்டைசரின் லேப்டாப் என்றால் பையரின் டிசைன், காஸ்டிங் ஷீட். வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்டதையெல்லாம் தொழிலாளி கொடுத்தார். கொடுக்காவிட்டால் வேலை கிடையாது. கேட்டு வாங்கிய நிர்வாகமே அதற்குக் காவல்.

“பாஸ்வேர்டு போட்டிருக்கிறோமே” என்கிறார்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால் அந்த விண்டோஸ் பாஸ்வேர்டுக்கு வேலையே இல்லை. “ஃபார்மட் செய்துவிட்டோம்” என்கிறார்கள். ஹார்டு டிஸ்க்கில் விரைவு ஃபார்மட் அழிப்பது கோப்புகளின் அட்டவணையை மட்டும். மீட்டெடுக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் வேறு கூத்து. 48 இலக்க மீட்புச் சாவி எங்கே என்று கம்பெனியில் எவருக்கும் தெரியாது. வாங்கிய மாணவர் கடை கடையாக அலைகிறார். பயோஸ் பாஸ்வேர்டை உடைத்துத் தர ஆள் உண்டு. இது யாருடைய லேப்டாப் என்று கேட்க ஆள் இல்லை.

ஏற்றுமதி நிறுவனங்களில் தையல் ஊசி ஒன்று உடைந்தால், அதன் துண்டுகளைத் தேடிப் பொறுக்கிப் பதிவேட்டில் ஒட்டிய பிறகே புது ஊசி தருவார்கள். பையர் ஆடிட்டுக்கு வருவார் என்ற பயம். ஓர் ஊசிக்குப் பதிவேடு வைக்கத் தெரிந்தவர்களுக்கு, நூற்றுக்கணக்கானோரின் விவரம் அடங்கிய லேப்டாப்புக்குப் பதிவேடு வைக்கத் தெரியாதா? தெரியும். தொழிலாளி ஆடிட்டுக்கு வரமாட்டார் என்பதும் தெரியும்.

அமெரிக்காவில் மார்கன் ஸ்டான்லி என்ற நிதி நிறுவனம் இதே தவறைச் செய்தது. தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சாமான் ஏற்றிச் செல்லும் நிறுவனத்திடம் பழைய கருவிகளை ஒப்படைத்தது. வாடிக்கையாளர் விவரங்களோடு அவை ஏலத்தில் விலைபோயின. சுமார் 1.5 கோடிப் பேரின் விவரங்களைக் காக்கத் தவறியதற்காக, 2022 செப்டம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 3.5 கோடி டாலர் அபராதம் விதித்தது.

இங்கே? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று. முக்கியக் கடமைகள் அமலாக மேலும் 18 மாதம் அவகாசம். பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பது இன்னும் காகிதத்தில் இருக்கிறது. இந்தத் தாமதத்துக்கு மத்திய அரசு பதில் சொல்ல வேண்டும். ஆனால் முதலாளிகள் அதைச் சாக்காகக் காட்ட முடியாது. வங்கிக் கணக்கு போன்ற விவரங்களைக் காப்பதில் அலட்சியம் காட்டி நட்டம் விளைவித்தால் இழப்பீடு தர வேண்டும் என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய வித்தையும் இல்லை. ரீசெட் செய்யும்போதே டிரைவை முழுதாகத் துடைக்கும் வசதி விண்டோஸிலேயே உண்டு. எஸ்.எஸ்.டி.க்கு அதைத் தயாரித்தவரின் அழிப்புக் கருவி உண்டு. பழுதான டிஸ்க்கை உடைத்துப் போடலாம். பயோஸ் பாஸ்வேர்டையும் கணக்குகளையும் நீக்கி, வரிசை எண்ணோடு பதிவேட்டில் எழுதி, பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். அந்தச் சான்று இல்லாத லேப்டாப்பைக் கடைக்காரர் வாங்கக் கூடாது, பூட்டை உடைக்கவும் கூடாது.

திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் இதை உறுப்பினர்களுக்கு உடனே அறிவுறுத்த வேண்டும். தொழிலாளர் துறை பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அந்தப் பதிவேடு மேசைக்கு வரும்வரை எந்தக் கம்பெனியும் ஒரு பழைய லேப்டாப்பைக்கூட விற்கக் கூடாது.