சைக்கிளுக்கு வந்த மூட்டு வலி

ஷாக் அப்ஸார்பர் என்று ஒன்று இருப்பதே அது கெட்டுப் போகும்போதுதான் நம்மில் பலருக்குத் தெரியும். இப்போது சைக்கிளிலும் வந்துவிட்டது. முன்னால் ஒரு ஜோடி, சீட்டுக்குக் கீழே குறுக்காக ஒரு தடித்த ஸ்பிரிங். பெயர் மவுன்டன் பைக். எங்கள் திருவான்மியூரில் அது ஏறுகிற மலை, தெருமுனை ஸ்பீடு பிரேக்கர்.

வண்டியின் பூர்வீகம் கலிஃபோர்னியா. அங்கே டமல்பைஸ் என்று ஒரு மலை. (தமிழ் வாடை அடிக்கிறதே என்று ஆராய்ச்சிக்குக் கிளம்பிவிடாதீர்கள்.) எழுபதுகளில் அந்த ஊர் இளைஞர்கள் பழைய குண்டு டயர் சைக்கிள்களில் மண் பாதையில் தலைதெறிக்க இறங்கினார்கள். 1976-ல் பந்தயமே வைத்து அதற்கு 'ரீபேக்' என்று பெயரும் வைத்தார்கள். கீழே வந்து சேருவதற்குள் பின்சக்கர பிரேக்கிலிருந்த கிரீஸ் புகைந்து போகும். மறுபடி அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பெயர். அவர்களிடம் ஷாக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. முதுகெலும்புதான் ஸ்பிரிங்.

நிற்க. எங்கள் தெருவுக்குச் சாப்பாடு கொண்டு வரும் பையன் ஒருவன் இந்த ரகத்தில் ஒரு பழைய வண்டி வைத்திருக்கிறான். அதை மிதித்தால்தான் அன்றைக்குக் காசு. போன மாசம் அதன் பின்பக்க ஷாக் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான், எழுந்திருக்கவில்லை. பெடல் தரையில் இடிக்கிறது. "வேற வண்டி வாங்கிக்கோ" என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள். பையன் டேப் வைத்து அளந்து, "150 மில்லி சார், போன்ல 800 ரூபாய்க்கு வருது, ஆர்டர் போடட்டுமா?" என்றான். "இரு" என்று பாயிடம் கூட்டிப் போனேன்.

பாய்க்குக் கடை கிடையாது. ஒரு புங்கமரம், ஒரு டப்பா, ஒரு வைஸ். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல எது வேணும், எது வேணாம்?" என்றார்.

பையன் விழித்தான். "ஷாக்கர் வேணாம். வண்டி வேணும் பாய்."

"அப்ப ஷாக்கரை வெட்டுவோம். வண்டிய அடிக்கக் கூடாது."

ரிப்பேர் பண்ணுகிறேன் என்று சுத்தியலை எடுக்கும் பல பேர் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதில்லை. சிக்கிக்கொண்ட போல்ட்டின் மேல் உள்ள கோபத்தில் ஃபிரேமின் காதை வளைத்துவிடுவார்கள். ஷாக் கடையில் கிடைக்கும். ஃபிரேம் காது கிடைக்காது.

சிக்குவதற்குக் காரணம் கடல்தான். போல்ட் இரும்பு, அது நுழைகிற புஷ்ஷும் இரும்பு. உப்பு ஈரம் பட்டால் துரு. துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடம் கேட்கும். நடுவிலிருந்த மயிரிழை சந்தும் அடைபட்டு இரண்டும் ஒரே உடம்பாகிவிடும். நட்டு கழன்று வரும், போல்ட் வராது. பிஸ்டன் தண்டிலும் இதே கதை.

பாய் முதலில் செய்தது போல்ட்டைத் தொடுவது அல்ல. ஸ்பிரிங்கின் வளையத்தை முடிந்தவரை தளர்த்தி, ஷாக்கின் இரண்டு முனைகளையும் கட்டுக்கம்பியால் இறுக்கக் கட்டினார். அமுங்கியபடி சிக்கிய ஸ்பிரிங் பாதிக் கழற்றலில் விடுபட்டால் முகத்துக்குத்தான் வரும். அப்புறம் போல்ட்டுகளில் டீசல் சொட்டுவிட்டு, "நாளைக்கு வா" என்றார். பையனுக்கு இன்னொரு நாள் வருமானம் போச்சு. ஆனால் அந்த ராத்திரிதான் பாதி வேலையைச் செய்தது.

மறுநாள் மேல் போல்ட்டில் நட்டைத் திரும்ப நுனிவரை மாட்டி (மரை நசுங்காமலிருக்க), பித்தளைக் கம்பி வைத்து நாலு தட்டு. அசைந்ததும் நட்டைக் கழற்றி இன்னும் இரண்டு தட்டு. வந்துவிட்டது. கீழ் போல்ட் மசியவில்லை. வெறும் ஹாக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றி, ஃபிரேமுக்கும் ஷாக்குக்கும் நடுவிலிருந்த சந்தில் நுழைத்து, இரண்டு பக்கமும் பொறுமையாக அறுத்தார். அடிக்கடி எண்ணெய், நடுவில் ஒரு டீ. மிச்சத் துண்டுகள் தட்டியதும் விழுந்தன.

இங்கே ஒரு அபாய அறிவிப்பு. உங்களுடையது காற்று அடைத்த விலையுயர்ந்த ஷாக் என்றால் இதெல்லாம் கூடவே கூடாது. வால்வில் காற்றை இறக்கிய பிறகும் சில ஷாக்குகள் சுருங்கியே கிடக்கும். வால்வுக்கு எட்டாத உள் அறையில் காற்று மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். அறுப்பது, சூடு காட்டுவது, மூடியைத் திருகுவது எதுவும் வேண்டாம். அது தெறித்தால் குண்டு மாதிரி. சர்வீஸ்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

பாய் பழைய ஷாக்கை வைஸில் பிடித்து, தள்ளி நின்று கம்பியை வெட்டி ஒரு தட்டு தட்டினார். டக்கென்று நீண்டது. ஓட்டைக்கு ஓட்டை அளந்தால் 165 மில்லி. பையன் அளந்தது சுருங்கிய நீளத்தை! 150 வாங்கி மாட்டியிருந்தால், அந்த 15 மில்லி பின்சக்கரத்தில் இரண்டு மூன்று மடங்காகி, பெடல் மறுபடி தரையைத் தொட்டிருக்கும்.

ஸ்பிரிங்கில் 750 என்று எழுதியிருந்தது. அது தாங்கும் எடை அல்ல. ஸ்பிரிங்கை ஒரு அங்குலம் அமுக்க 750 பவுண்டு, அதாவது சுமார் 340 கிலோ விசை வேண்டும் என்று அர்த்தம். பையன் பையோடு சேர்த்தே அறுபது தேறமாட்டான். பாரிமுனைப் பக்கம் போய் அதே நீளத்தில் 550 வாங்கி வந்தான். புஷ் அகலத்தையும் போல்ட் கனத்தையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார் பாய்.

புது போல்ட்டுக்கு கிரீஸ் பூசி, ஆட்டம் இல்லாமலும் பிடிக்காமலும் முடுக்கி, சீட்டை அமுக்கினார். இறங்கி, ஏறியது. கூலி 200 ரூபாய். "மூணு மாசத்துக்கு ஒரு தடவை போல்ட்டைக் கழட்டி கிரீஸ் வைக்கணும், புரியுதா?" என்று நிமிர்ந்தார்.

போன் சத்தம் போட்டிருந்தது. பையன் தெருமுனை ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டிக்கொண்டிருந்தான்.