‘ஏதோ ஒண்டு குறையுது’

குறும்படத் திரையிடல் முடிந்து லைட் போட்டதும் கலந்துரையாடல் தொடங்கும். மைக் கைமாறும். “நல்ல முயற்சி, ஆனா ஏதோ ஒண்டு குறையுது.” “இன்னும் கொஞ்சம் ஆழமாப் போயிருக்கலாம்.” “எங்கட மண்ணின்ர உயிர் இதில இல்லை.” முன்வரிசைப் பெரியவர்கள் தலையாட்டுவார்கள். படம் எடுத்த பிள்ளை கொப்பியைத் திறந்து வைத்தபடி இருக்கும். எழுத ஒண்டும் இருக்காது.

இவற்றை விமர்சனம் என்று நாங்கள் ஏற்பதில்லை. படத்தைப் பார்க்காமலேயே எந்தப் படத்துக்கும் சொல்லக்கூடிய வசனங்கள் இவை. இதைக் கேட்டுவிட்டு இரண்டாவது படம் எடுக்காமலே விட்ட ஆக்கள் எங்களுக்குள்ளேயே இருக்கினம்.

முதல் படம் எடுக்கிறவரிடம் இருப்பது ஒரு இரவல் கமராவும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு கிடைக்கிற நடிகர்களும்தான். எல்லாத்தையும் திருப்பி எடுக்க ஏலாது. எதை மாற்றுவது என்று தெரிந்தால்தான் அடுத்த ஞாயிறு பிரயோசனப்படும். “ஆழம் இல்லை” என்றால் கதையிலா, நடிப்பிலா, எடிட்டிங்கிலா? “கிணத்தடியில தாய் கதைக்கேக்க வோட்டர் பம்ப் சத்தம் வசனத்தை மூடுது, மகன் வெளிநாடு போகப்போறான் எண்டதே விளங்கேல்லை” என்று ஒருவர் சொல்லட்டும். அந்த வசனத்தை மட்டும் திருப்பிப் பதிந்து சேர்த்தால் சரி. அரை நாள் வேலை.

கடுமையாகச் சொல்லக்கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. மட்டக்களப்புக் கூத்துப் பழக்கத்தைப் பாருங்கோ. அண்ணாவியார் ஒன்றும் பூப்போலப் பேசுகிறவர் இல்லை. ஆனால் கால் பிசகினால் மத்தளத்தை நிப்பாட்டி அதே அடியைத் திருப்பி ஆட வைப்பார். அரங்கேற்றத்துக்கு முன்னால் ‘அடுக்குப் பார்த்தல்’ என்று ஒன்றும் வைத்திருக்கிறார்கள். திருத்த நேரம் இருக்கும்போதே முழுக் கூத்தையும் ஆடிப் பார்க்கிறது. ஏச்சு விழும்தான். ஆனா எந்த அடிக்கு விழுந்தது எண்டு ஆடுறவனுக்குத் தெரியும்.

“எங்களுக்கு டெக்னிக்கல் ஒண்டும் தெரியாது, மனசில பட்டதைச் சொன்னம்” என்பார்கள். தெரியத் தேவையில்லை. எந்த இடத்தில் ஃபோனை எடுத்துப் பார்த்தீங்கள்? எந்தப் பாத்திரத்தை யாரென்று குழம்பினீங்கள்? அதைச் சொல்லுங்கோ, போதும். (“சூப்பர் மச்சான்” கோஷ்டியிடமும் இதே கேள்விதான்: எது சூப்பர்?)

அடுத்த திரையிடலில் மைக்கை நீட்டுறதுக்கு முதல் எல்லாருக்கும் அரைத்தாள் ஒன்று கொடுக்கப் போறம். எந்தக் காட்சி, அதில் என்ன கண்டீங்கள், என்ன கேட்டீங்கள் என்று இரண்டே வரி. பேர் போடத் தேவையில்லை. முடிந்ததும் அந்தத் தாள்களைப் படம் எடுத்தவரே வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.