தூக்கத்தைப் பிடுங்கிவிட்டு லேகியமா?

அடுத்த முறை கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் ஏறினால் ஒரு வேலை செய்யுங்கள். பெட்டிச் சுவரில் இருப்பதையெல்லாம் படியுங்கள். ‘மாதவிலக்குக் கோளாறா? ஹார்மோன் பிரச்னையா? ஆயுர்வேத முறையில் நிரந்தரத் தீர்வு’ என்கிற மாதிரி ஒரு ஸ்டிக்கர் கண்ணில் படலாம். கீழே செல்போன் நம்பர்.

ஸ்டிக்கர்தானே, போகட்டும் என்கிறீர்களா? அது சட்டவிரோதம் சார். 1954-ல் வந்த மருந்துகள், மாய நிவாரணங்கள் விளம்பரத் தடைச் சட்டத்தின் 3-வது பிரிவைப் பாருங்கள். மாதவிலக்குக் கோளாறைச் சரிசெய்யும் என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக் கூடாது. ஆயுர்வேதமோ, சித்தாவோ, அலோபதியோ, எல்லாவற்றுக்கும் அதே தடைதான். எழுபது வருஷமாகச் சட்டம் புத்தகத்தில் தூங்குகிறது.

தூங்காதவள் அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் பெண்தான். சிப்காட்டில் இந்த வாரம் பகல் ஷிப்ட், அடுத்த வாரம் நைட் ஷிப்ட். மாதவிலக்கை நடத்தும் ஹார்மோன்களுக்கு மூளையிலிருந்துதான் உத்தரவு போகிறது. தூக்கத்தின் நேரம் மாறிக்கொண்டே இருந்தால் அந்தக் கணக்கும் தப்பும்.

‘ஆயுர்வேத விரோதி’ என்று எனக்குக் கடிதம் எழுதப் பேனாவைத் திறக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். உடம்பைத் தாங்கும் மூன்று தூண்கள் என்று சரக சம்ஹிதை சொல்வது உணவு, உறக்கம், பிரம்மசரியம். நல்ல வைத்தியர் முதலில் ‘எத்தனை மணிக்கும்மா தூங்கறே, என்ன சாப்பிடறே?’ என்றுதான் கேட்பார். ஸ்டிக்கர்காரர் கேட்பதில்லை. கூரியரில் டப்பா அனுப்பிவிடுவார்.

டப்பாவுக்குள் என்ன இருக்கும்? 2008-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இன்டர்நெட்டில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தார்கள். ஐந்தில் ஒன்றில் ஈயமோ, பாதரசமோ, ஆர்செனிக்கோ இருந்தது.

அலோபதி மட்டும் யோக்கியமா? 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆடைத் தொழில் பெண்கள் சுமார் 100 பேரிடம் பேசியது. மாதவிலக்கு வலி என்றால் லேபிளே இல்லாத மாத்திரையைக் கொடுத்து வேலை வாங்கினார்கள் என்றார்கள் அந்தப் பெண்கள். லேகியமோ மாத்திரையோ, நோக்கம் ஒன்றுதான். மெஷின் நிற்கக் கூடாது!

மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் காரணம் தைராய்டாக இருக்கலாம், சினைப்பை நீர்க்கட்டியாக இருக்கலாம், கர்ப்பமாகக்கூட இருக்கலாம். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்யாமல் யார் என்ன மருந்து கொடுத்தாலும் அது குருட்டு வைத்தியம்தான். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பணம் பிடிக்கிறார்கள் அல்லவா? அந்த அட்டையோடு டாக்டரைப் பார்க்க ஒரு நாள் லீவு கொடுங்கள், அதுவும் சம்பளத்தோடு.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இப்படி என்றால் ஸ்டிக்கரைப் பார்த்து போன் செய்வீர்களா? மாட்டீர்கள். டாக்டரிடம்தான் ஓடுவீர்கள். கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழியும் அந்தப் பெண்ணும் ஒரு வீட்டுப் பெண்தான்.