இனாமும் கேலிச்சித்திரமும்

சமீபத்தில் ஒரு தோழர் நம்மிடம், “இந்த வாரப் பத்திரிகையில் ஷாம்பு பொட்டலம் இனாம், அதற்காகவே வாங்கினேன். கதை படிக்க நேரமில்லை. கேலிச்சித்திரத்தைப் பார்த்துவிட்டுப் போட்டுவிடுவேன். அது வெறும் விளையாட்டுத்தானே!” என்று பெருமையாய்ச் சொன்னார். இவர் ஒருவர் மாத்திரம் இப்படி இருப்பதாயிருந்தால் நாம் இதை எழுதவேண்டிய அவசியமே இல்லை.

பொட்டலம் யார் கொடுத்தது? பத்திரிகைக்காரரா? இல்லை. வியாபாரி தன் சரக்கை நம் வீட்டில் பழக்கப்படுத்தக் கொடுத்தது. ஆகவே வாசகர் பத்திரிகையை வாங்கினார் என்பதைவிட, வாசகர் வியாபாரிக்கு விற்கப்பட்டார் என்பதே உண்மையாகும். தூண்டில்காரன் மீனுக்குப் புழு கொடுப்பதைத் தருமம் என்று யாராவது சொல்லுவார்களா?

இனி, அந்த “விளையாட்டின்” சங்கதி என்ன? 1987-இல் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கேலி செய்து ‘ஆனந்த விகடன்’ அட்டையில் ஒரு சித்திரம் வந்தது. அதற்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டசபை 3 மாதக் கடுங்காவல் விதித்தது. கண்டனம் கிளம்பிய பிறகே, சில நாட்களில் அவர் விடுதலையானார். அத்தண்டனை செல்லாதென்று சென்னை ஹைக்கோர்ட்டு சொன்னது 1994-இல்!

2025 பிப்ரவரியில், அமெரிக்கா இந்தியர்களை விலங்கிட்டுத் திருப்பி அனுப்பிய சமயத்தில், பிரதமர் மோடி விலங்குடன் டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக ‘விகடன் பிளஸ்’ சித்திரம் போட்டது. விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. மார்ச்சில் ஹைக்கோர்ட்டு, அச்சித்திரத்தை எடுத்துவிட்டால் முடக்கத்தை நீக்கவேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது.

ஷாம்பு கொடுத்ததற்காக எந்த ஆசிரியராவது ஜெயிலுக்குப் போனதுண்டா என்று கேட்கின்றோம். தலையங்கம் எழுத்துத் தெரிந்தவனுக்குத்தான். சித்திரமோ கைநாட்டுக்காரனுக்கும் புரியும். அதிகாரம் பயத்தின்மேல் நிற்பது. சிரித்தவனுக்குப் பயம் போய்விடும். இது ஆளுகின்றவர்களுக்குத் தெரிந்திருக்கின்றது, வாசகர்களுக்குத்தான் தெரியவில்லை.

“இனாம் இல்லாவிட்டால் பத்திரிகை விற்காதே” என்பார்கள். அந்தக் குற்றம் யாருடையது? வியாபாரி தயவில் பிழைக்கும் பத்திரிகைக்கு, நாளை அவ்வியாபாரியையோ அவனுக்கு வேண்டிய மந்திரியையோ கேலி செய்யத் தைரியம் வருமா?

ஆதலால் தோழர்களே! பொட்டலத்தைத் தடவிப் பார்க்குமுன் சித்திரத்தைப் பாருங்கள். வலியவனைக் கேலி செய்திருந்தால் தாராளமாய்க் காசு கொடுங்கள். மாமியாரையும் வேலைக்காரனையும் ஏழையையுமே கேலி செய்திருந்தால், ஷாம்பு அல்ல, சந்தன சோப்பே இனாமாயிருந்தாலும் தொடாதீர்கள்.